தொட்டிச் செடியும் அதன் வேரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொட்டியில் பூச்செடி வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் செடி வாடிக்கொண்டே போகிறது, என்ன காரணம்?" என்பதே அது. நாள் தவறாமல் ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம் என்று நான் சொல்லும்போது அவர்களுக்கு வியப்பாக இருக்கும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, மூச்சுவிடக் காற்றும் அவ்வளவு தேவை. மண்துகள்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. அவ்விடைவெளிகள் எல்லாம் நாள் முழுதும் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது; அந்த வாட்டத்தைப் பார்த்து நாம் மேலும் ஒரு குவளை நீரை ஊற்றிவிடுகிறோம்.

நிலத்தில் நிற்கும் செடிக்கு ஊற்றிய நீர் ஆழமாக இறங்கிப் போய்விடும். தொட்டியில் அப்படி இறங்க வழியில்லை. அடியில் துளை இருந்தாலும், கடைசிச் சில விரற்கடை அளவு மண் கலவையில் நீர் வடியாமல் தங்கிவிடுகிறது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கை வாக்கில் வைத்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு அதே பஞ்சை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மறுபடியும் நீர் சொட்டும். பஞ்சும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. உயரம் ஒன்றுதான் மாறியது. ஆழம் குறைந்த பாத்திரத்தில் ஈரம் தங்கும் பங்கு மிகுதி என்பதை இந்தச் சிறு சோதனை தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஆதலால் சன்னலோரம் செடி வளர்க்கும் நீண்ட தொட்டியான சன்னல் பெட்டி வாங்கும்போது அதன் நிறத்தையும் வேலைப்பாட்டையும் பார்ப்பதற்கு முன்னால் ஆழத்தைப் பாருங்கள். 20 சென்டிமீட்டருக்குக் குறைந்த பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொட்டியின் அடியில் கூழாங்கல்லையோ உடைந்த ஓட்டுத் துண்டுகளையோ ஓர் அடுக்காகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன், பிறருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அது உண்மையன்று. நுண்ணிய இடைவெளிகள் கொண்ட கலவையிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலே உள்ள கலவை முழுதும் ஊறிய பின்னரே அது கீழே வழிகிறது. ஆக, ஈரம் தேங்கும் பகுதி அடியிலிருந்து கல் அடுக்கின் மேல் ஏறிக்கொள்கிறதே தவிர மறைவதில்லை. வேர் பரவுவதற்கான இடமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. துளையின் வழியே கலவை கொட்டிவிடாமல் இருக்க ஒரு துண்டு வலை வைத்தால் போதும்.

அப்படியானால் வடிகால் எங்கிருந்து வரும்? கலவையிலிருந்துதான் வரும். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் நிரப்பினால், சில வாரங்கள் நீர் ஊற்றியதும் அது செங்கல்லைப்போல் இறுகிவிடும். நான் பயன்படுத்தும் கலவையில் தென்னை நார்த்தூள் இரண்டு பங்கும், நன்கு மக்கிய உரம் ஒரு பங்கும், பருமணலோ பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் கல் துகளோ ஒரு பங்கும் இருக்கும். கைப்பிடி செம்மண்ணும் சேர்ப்பதுண்டு. நார்த்தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பதால், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு, இலை ஓரம் கருகுவதற்கு வேறு காரணம் தேடி அலைபவர்களைக் கண்டிருக்கிறேன்.

நீர் ஊற்றும் முறைக்கு வருவோம். நாள்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலைக் கேட்டு ஊற்றுங்கள். மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்க்கையில் உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை காலை வேளையில் நிறைவாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டுப் போவது கேடு. மேல்மண் மட்டும் நனைய, வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே தங்கிவிடும், நீரிலும் உரத்திலும் உள்ள உப்பும் வெளியேறாமல் மண்ணின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். சுட்ட மண் தொட்டியின் சுவரில் ஈரம் கசிந்து ஆவியாவதால் அது விரைவில் உலரும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே செடி இருந்தாலும் நீர்த்தேவை ஒன்றாக இராது. சிறு செடியைப் பெரிய தொட்டியில் நட்டால் தாராளமாக வளரும் என்று எண்ணுவதும் தவறு. வேர் எட்டாத கலவை நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து, கடைசியில் வேரைக் கெடுத்துவிடும்.

சன்னல் பெட்டிக்கென்று தனிக் கவனம் சில உண்டு. 60 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள பெட்டி 24 லிட்டர் கொள்ளும். அதில் மண் மிகுந்த கலவையை நிரப்பி நனைத்தால் எடை 35 கிலோவைத் தாண்டும். கீழே மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை மறந்து, அந்தச் சுமையை மெல்லிய கம்பியில் தொங்கவிடக் கூடாது. சுவரில் உறுதியாகப் பொருத்திய இரும்புத் தாங்கிகளின் மேல்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, வெளியே மழை கொட்டினாலும் சன்னலுக்கு மேலுள்ள தளம் மறைப்பதால் பெட்டிக்குள் ஒரு துளிகூட விழாமல் போகலாம். மழை நாளிலும் விரலால் சோதிப்பதை விடாதீர்கள்.

இனிப் பூக்களைப் பற்றிச் சொல்கிறேன். இலை கரும்பச்சையாகச் செழித்து மொட்டே வைக்காத செடிக்குப் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்திருக்கும், அல்லது வெயில் போதாது. ரோஜாவும் செண்டுப்பூவும் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலையாவது கேட்கும். அது கிடைக்காத சன்னலில் அவற்றை வைத்து வருந்துவதைவிட, குறைந்த வெயிலிலும் பூக்கும் பெகோனியாவை வைப்பது நல்லது. தொட்டியிலிருந்து நீர் வடியும் ஒவ்வொரு முறையும் சத்தும் கரைந்து போவதால், பூக்கும் காலத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த நீர்ம உரத்தைப் பாதி அளவாகக் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் ஊற்றலாம். வாடிய பூவை உடனே கிள்ளிவிடுங்கள். விதை முற்றிவிட்டால் செடியின் ஊக்கமெல்லாம் அதற்கே போய்விடும். மாவுப்பூச்சி கண்ணில் பட்டால், தண்டில் எறும்பு ஊர்கிறதா என்று முதலில் பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பே அதைக் காவல் காக்கிறது; எறும்பைத் தடுக்காமல் வேப்பெண்ணெய் மட்டும் தெளித்துப் பயனில்லை.

வேரும் வெயிலும் உரமும் சரியாக இருந்தும் பூக்க மறுத்த ஒரு செவ்வந்தி என்னை ஒரு பருவம் முழுதும் கலங்கவைத்தது. 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அறிவியலாளர் இருவர், செடி பூப்பதைப் பகல், இரவின் நீளமும் தீர்மானிக்கிறது என்று புகையிலைச் செடியில் நடத்திய ஆய்வின் வழியே வெளியிட்டார்கள். செவ்வந்தியும் நீண்ட இரவு கிடைத்தால் மட்டுமே மொட்டு வைக்கும் இனம். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கொளி பட்டாலும் அது இரவைக் குறுகியதாகவே எடுத்துக்கொள்ளும். என் செடி நின்ற சன்னலுக்கு நேர் எதிரே தெருவிளக்கு விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. அதைப் புரிந்துகொண்டதும், தொட்டியைத் தூக்கி வீட்டின் பின்புறத்து இருண்ட சன்னலில் வைத்தேன். நீரையும் உரத்தையும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சில வாரங்களில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மிளகளவு மொட்டுகள் தெரிந்தன.

வணக்கம்.