மாத்திரைப் பையோடு வந்தவர்களுக்கு

(கம்பத்தில் முதியோருக்காக நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, இதற்காகவே மலையிலிருந்து ஜீப் பிடித்து இறங்கி வந்திருக்கிற அண்ணன்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டில் இருக்கிற மாத்திரைகளை எல்லாம், போடுவது போடாதது பார்க்காமல், ஒரு பையில் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நிறையப் பேர் மடியில் மஞ்சள் பை தெரிகிறது. மனதுக்கு நிறைவாக இருக்கிறது. பையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் தடுப்பூசி போட்ட குழந்தைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகளில், அத்தனை திண்ணைகளில், நான் அதிகம் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்." முழங்கால் வலித்தாலும் அதே பேச்சு, கண் மங்கினாலும் அதே பேச்சு, சிறுநீர் சொட்டினாலும் அதே பேச்சு. மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், மருந்துக்கடையில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் நாமே சொல்லிக்கொள்வோம். நானும் சொன்னேன், என் அம்மாவிடம். அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அம்மா 30 வருடம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போய், பொழுது சாயத் திரும்புவாள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கிற சரத்தில்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க வேண்டும். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் முழங்காலே சொல்லும்.

55 வயதில் அவளுக்கு மூட்டுவலி வந்தது. ஒரு கடையில் காகிதத்தில் மடித்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல். போட்டதும் வலி பறந்துவிட்டது என்றாள். தினமும் ஜீப் ஏறுவதற்கு முன்னால் வரக்காப்பியோடு அந்தப் பொட்டலத்தில் ஒன்று. நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு முகம் உப்பியது, கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "வயதாகிவிட்டதம்மா, காலைத் தொங்கப்போட்டு உட்காராதே" என்று நான் சொன்னேன். ஊர் முழுக்க இரத்த அழுத்தம் பார்க்கிற நான், என் வீட்டில் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டிருந்தன.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. பொதுவாக இருப்பது என்ன என்று சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். மருத்துவர் பார்த்து நான்கு நாளைக்குக் கொடுத்தால் அது மருந்து. கேட்பாரில்லாமல் நான்கு வருடம் தின்றால் அதுவே விஷம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் கலந்திருக்கும். வலி உடனே அடங்குவதற்கு அதுதான் காரணம். முகம் உருண்டையாக ஊதுவதற்கும், சர்க்கரை ஏறுவதற்கும், எலும்பு பொடிவதற்கும் காரணம் அதுவேதான். அப்படி நெடுநாளாகத் தின்று வருபவர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

அப்படியென்றால் வலியைச் சகித்துக்கொண்டு கிடப்பதா? வேண்டாம். தேய்ந்த மூட்டை மாத்திரை வளர்க்காது. அதைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அதற்கு வலு வந்தால் முழங்காலுக்குச் சுமை குறையும். இப்போதே செய்து பார்ப்போம். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். வலது காலை மட்டும் நேராக நீட்டி, பாதத்தை உங்களைப் பார்த்து மடக்குங்கள். தொடையில் கை வைத்துப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருக்கிறதா? அதுதான் வேண்டும். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து மெதுவாக இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். இப்போது இடது கால். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, விட்டுவிடத் தோன்றும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் படி ஏறும்போது தெரியும்.

கைத்தடி பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். ஒன்று மட்டும் முக்கியம்: வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். கழிப்பறையில் குந்துவதை விட்டுவிட்டு உயரமான பீங்கானுக்கு மாறுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் நடுவில் துளையிட்ட நாற்காலியை மேலே போட்டுக்கொள்ளலாம். மலைக்கு மேலே கேரளத்துக் குமுளியில் வாங்கி வருகிற கொட்டஞ்சுக்காதித் தைலத்தைத் தேய்த்துச் சுடுநீர் ஊற்றிக்கொள்வதிலும் தவறில்லை, இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சுட்டால், அங்கே கை வைத்துத் தேய்க்கவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கலாம். அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய வீக்கம்.

மூட்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு மனிதரின் விரல்கள் நினைவுக்கு வரும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி. இளம் வயதிலேயே மூட்டு அழற்சி நோய் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 58 வயதில், 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அந்த மருத்துவமனை. இன்று தேனியிலும் இருக்கிறது. கண்புரையை எடுத்து லென்ஸ் வைப்பது வலியில்லாத, சில நிமிட வேலை. அப்படியிருக்க, இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பேத்தியின் முகம் புகைமூட்டமாகத் தெரிய, "இனி பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

அடுத்தது பெண்களுக்கு. ஆண்களும் கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். இருமினால், தும்மினால், சுமை தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்பதை என்னிடம் யாரும் திண்ணையில் சொன்னதில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காதில் சொல்வார்கள். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள். தண்ணீர் குறைந்தால் கடுப்பு வரும், மலம் இறுகும், முக்க முக்கக் கசிவு கூடும். இதற்கு வழி இருக்கிறது. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல அடிப்பகுதித் தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியை உட்கார்ந்த இடத்தில், யாருக்கும் தெரியாமல் செய்யலாம். கருப்பை இறங்கியிருந்தால் தாங்குவதற்கு வளையம் வைக்கிறார்கள். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. இன்னொன்று. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். அந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள். பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். புற்றுநோயாக இருந்தால், ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கக்கூடியது.

ஆண்களுக்கு இரவில் நாலு தடவை எழுந்திருப்பதும், நின்றுகொண்டே காத்திருப்பதும் பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கத்தால். மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தும் இரத்த அழுத்த மாத்திரையும் சேரும்போது எழுந்தவுடன் கிறுகிறுக்கும். இரவில் விழுகிறவர்கள் பலர் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான் விழுகிறார்கள். படுக்கையிலிருந்து நேராக எழுந்து நடக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, இரண்டு நிமிடம் பாதத்தை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். வழியில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும்.

வயதால் வருவதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். தூக்கம் லேசாகும். தாகம் குறையும், அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பல் போனால் கஞ்சியும் பிஸ்கட்டும் மட்டும் தின்னத் தொடங்குவோம், உடம்பு வற்றும். பல்செட் கட்டிக்கொள்ளுங்கள், பயறும் முட்டையும் மீனும் தட்டில் இருக்கட்டும். காது மந்தமானால் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது மூன்றும் வயதில் சேராது, அவை பக்கவாதத்தின் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் உடனே 108. மலைக்கு மேலேயும் கீழேயும் அதே எண்தான். உறைந்த இரத்தத்தைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

இப்போது அந்தப் பைகளுக்கு வருகிறேன். கேரள எல்லையில் வாழ்கிற நமக்கு ஒரு வசதி உண்டு, அதே வசதியில் ஒரு வில்லங்கமும் உண்டு. வேலைக்குப் போன இடத்தில் குமுளியில் ஒரு மருத்துவரைப் பார்ப்போம். ஊருக்கு வந்தால் கம்பத்தில் இன்னொருவர். முடியாவிட்டால் கானாவிலக்குப் பெரியாஸ்பத்திரி. இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. கூடலூரில் ஒரு மதினி, இரத்த அழுத்தத்துக்கு மேலே கொடுத்த மாத்திரையையும் கீழே கொடுத்த மாத்திரையையும் சேர்த்தே போட்டு வந்தார். அட்டை இரண்டும் வேறு நிறம், பெயரும் வேறு. ஒருநாள் கொல்லையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு நான் அட்டைகளை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். இரண்டிலும் டெல்மிசார்டன். ஒரே மருந்தை இரட்டிப்பாகத் தின்றிருக்கிறார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கேரளத்தில் 2008லேயே வலித் தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்து வழியாகச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற நம் ஆட்கள் மொழி தெரியாது என்று ஒதுங்காமல் ஆஷா பணியாளரிடம் கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் கிடைப்பதை இரண்டு பக்கமும் வாங்குங்கள், ஆனால் ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். மலையாளத்தில் எழுதிய சீட்டானாலும் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். பேரனைக் கூப்பிட்டு அந்தப் பொடி எழுத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேச்சு போதும். மேடைக்குக் கீழே இரண்டு மேசை போட்டிருக்கிறோம். இடது மேசையில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும், காப்பி குடித்தவர்கள் அரை மணி பொறுங்கள். வலது மேசையில் நான் இருப்பேன். பையை அங்கே கொட்டுங்கள். குமுளி போகிறவர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குப் பஸ் நேரமாகிவிடும்.