ரெட் ஹார்ஸ் வரைந்த போர்

எல்லோருக்கும் வணக்கம்.

போரில் ஜெயித்தவன்தான் வரலாற்றை எழுதுவான் என்கிறோம். லிட்டில் பிக்ஹார்ன் போரில் அது தலைகீழாக நடந்தது. 1876 ஜூன் 25. இன்றைய அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். லகோட்டா, செயென், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்கள் தங்கியிருந்த பெரிய முகாமை அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படை தாக்கியது. தலைமை தாங்கிய கஸ்டரும், அவரோடு தனியாகப் பிரிந்துபோன சுமார் 210 பேரும் ஒருவர் மிச்சமில்லாமல் மடிந்தார்கள். ஜெயித்தவர்கள் பூர்வகுடிகள். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊருக்குக் கதை சொன்னது தோற்ற பக்கம்தான்.

1881-ல் அந்தக் குன்றின் மேல் கிரானைட் தூண் எழுப்பி, இறந்த சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். பஃபலோ பில் என்ற மேடைக் கலைஞர் தன் ஊர்சுற்றும் காட்சியில் கஸ்டரின் கடைசி நிமிடங்களை நடித்துக் காட்டினார். 1896-ல் ஒரு பீர் கம்பெனி அச்சடித்து அனுப்பிய படம் நாடெங்கும் மதுக்கடைச் சுவர்களில் தொங்கியது. அதில் கஸ்டர் வாளைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். உண்மையில் அந்தப் படை வாள்களை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தது!

தூண் எழுந்த அதே 1881-ல் இன்னொரு காரியமும் நடந்தது. அந்தப் போரில் சண்டையிட்ட ரெட் ஹார்ஸ் என்ற வீரர் (லகோட்டா மக்களின் மினிகோஞ்சு பிரிவைச் சேர்ந்தவர்), ராணுவ மருத்துவர் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், தான் பார்த்ததை 42 படங்களாக வரைந்தார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கிறது. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேன்டர் கலை மையம் அவற்றில் 12 படங்களைக் காட்சிக்கு வைத்தது.

என்னைப் பொறுத்தவரை, இந்தப் போரைப் பற்றி வைக்கப்பட்ட கண்காட்சிகளில் இதுதான் முக்கியமானது. காரணம், ரெட் ஹார்ஸ் வெற்றியைக் கொண்டாடவில்லை. கூடாரங்களை வரைகிறார். பாய்ந்து வரும் படையை வரைகிறார். அப்புறம் பக்கம் பக்கமாகச் சாவு. வெட்டுப்பட்ட சிப்பாய்கள், செத்து விழுந்த குதிரைகள். தன் பக்கத்தில் விழுந்த வீரர்களையும் மறைக்காமல் வரைகிறார். கஸ்டரைத் தனியாகத் தூக்கிக் காட்டவே இல்லை. களத்தில் நின்றவனுக்கு அங்கே நாயகன் என்று யாரும் தென்படவில்லை, பாருங்கள்.

சரி, போர்க்களம் எப்போது மாறியது? 1991 வரை அந்த இடத்துக்குக் கஸ்டர் பெயர்தான். சிப்பாய்கள் விழுந்த இடங்களில் 1890-லேயே வெள்ளைப் பளிங்குக் கற்களை நட்டுவிட்டார்கள். பூர்வகுடி வீரர்களுக்குச் சிவப்புக் கிரானைட் கற்களை நடத் தொடங்கியதோ 1999-ல். அவர்களுக்கான நினைவிடம் 2003-ல்தான் திறக்கப்பட்டது. ஜெயித்தவர்கள் தாங்கள் ஜெயித்த மண்ணிலேயே ஒரு கல்லுக்கு இத்தனை காலம் காத்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் படங்கள் ஸ்மித்சோனியன் இணையதளத்தில் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.