துறைமுகச் சுவர் நீண்டா நாட்டோட கடலும் நீளுமா?

ஒரு நாடு கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீளமா ஒரு சுவர் கட்டுது. அதோட கடல் எல்லையும் வெளியே நகருமா? சில சுவருக்கு நகரும், சில சுவருக்கு நகராது. ஏன்னு பார்த்துடலாம், வாங்க.

அடிப்படையை வேகமா சொல்லிடறேன். 1982-ஆம் வருஷத்து ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, அளக்கத் தொடங்குற இடம் அடிக்கோடு. வழக்கமா அது கடல் நல்லா வத்தி நிக்கும்போது தண்ணி தொடுற கோடு. அதுக்குக் கரைப்பக்கம் உள்நாட்டு நீர். வெளிப்பக்கம் 12 கடல் மைல் வரைக்கும் பிராந்தியக் கடல், அதாவது அந்த நாட்டோட ஆளுகைக்கு உட்பட்ட கடல். இதுல வெளிநாட்டுக் கப்பல் தொந்தரவு பண்ணாம கடந்து போகலாம். உள்நாட்டு நீர்ல பொதுவா அந்த உரிமை கிடையாது. அதனாலதான் கோடு எங்க விழுதுங்கறது இவ்வளவு முக்கியம்.

[திரையில்: துறைமுக வரைபடம்]

இப்போ சுவருக்கு வருவோம். உடன்படிக்கையோட 11-ஆவது பிரிவு சொல்றது இதுதான்: துறைமுகத்தோட பிரிக்க முடியாத அங்கமா, நிரந்தரமா நிக்கிற கட்டுமானம் எதுவோ, அதுல கடைசியா கடலுக்குள்ள நிக்கிறது கரையாவே கணக்கு. மனுஷன் கட்டின சுவர், சட்டத்தோட கண்ணுல நிலம்! எனக்கு இந்தப் பிரிவு அவ்வளவு பிடிக்கும்.

ஆனா கருங்கடல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? டான்யூப் ஆத்தோட முகத்துவாரத்துல ருமேனியாவோட சுலினா அணை இருக்கு. ஆத்தைத் தடுக்கிற அணை இல்ல, நீளமான ஒரு சுவர். கடலுக்குள்ள 7.5 கிலோமீட்டர் நீளுது! ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடந்த எல்லை வழக்குல, அதோட கடல் நுனியை அளவுப் புள்ளியா எடுக்கணும்னு ருமேனியா கேட்டது. சர்வதேச நீதிமன்றம் 2009-ல மறுத்துடுச்சு. துறைமுகக் கட்டுமானம்னா அங்க கப்பல் தங்கணும், பழுது பார்க்கணும், ஆள் ஏறி இறங்கணும், சரக்கு ஏத்தி இறக்கணும். இந்த அணை கப்பல் போற வழியைக் காக்குது, அவ்வளவுதான். அதனால அணை கரையைத் தொடுற முனையைத்தான் கோர்ட் எடுத்துக்கிச்சு.

என்னைக் கேட்டா சரியான தீர்ப்பு. இல்லேன்னா, கல் கொட்டக் காசு இருக்கிற நாடெல்லாம் கடலையும் சேர்த்து வளைச்சுப் போட்டுடும்.

கரையைவிட்டுத் தள்ளி நிக்கிற எண்ணெய் மேடை, செயற்கைத் தீவு எல்லாம் துறைமுகக் கணக்குல வராது. சுத்தி 500 மீட்டர் வரைக்கும் பாதுகாப்பு வளையம் போட்டுக்கலாம், தனியா பிராந்தியக் கடல் கிடையாது.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த மாதிரி ஒரு அணையோட நுனியில நாளைக்கு ஒரு இறங்குதுறை கட்டி, நிஜமாவே சரக்கு ஏத்த ஆரம்பிச்சா, எல்லை நகரணுமா, கூடாதா? காரணத்தோட கமெண்ட்ல எழுதுங்க.