திருத்தம் யாரைப் போய்ச் சேருகிறது?

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பதிப்புத் துறையையும் கல்வியையும் ஊடகத்தையும் இணையம் எப்படி மாற்றுகிறது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்றுமே கடல். அதனால் ஒரே ஒரு சின்ன விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றுக்குள்ளும் போய் வரலாம் என்று நினைக்கிறேன். பிழை திருத்தம்தான் அந்த விஷயம்.

நான் பல வருடங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஒரு முறை ஓர் அறிவியல் நூலின் அட்டவணையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. மூன்று தடவை புரூஃப் பார்த்தும் கண்ணில் படவில்லை. பைண்டிங் முடிந்து கட்டுக்கட்டாக அடுக்கிய பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு அடித்தோம். ‘பக்கம் 112, வரி 9: 87 என்பதை 78 என்று படிக்கவும்.’ ஒவ்வொரு பிரதியிலும் நானே உட்கார்ந்து அதைச் செருகினேன். சில வருடம் கழித்து அதே நூலை ஒரு நூலகத்தில் பார்த்தேன். ஆவலோடு புரட்டினேன். சீட்டு இல்லை, எப்போதோ விழுந்துவிட்டது. ஆனால் 112ஆம் பக்கத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் 87ஐ மெல்லிசாக அடித்து, ஓரத்தில் 78 என்று எழுதி வைத்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அச்சின் குணம் அது. ஒரு தடவை வெளியே போய்விட்டால் திரும்பி வராது. 1631இல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில், பத்துக் கட்டளைகளில் ஒன்றில் ‘கூடாது’ என்ற பொருள் தரும் ஒரே ஒரு சொல் விட்டுப்போய், ‘விபசாரம் செய்வாயாக’ என்று ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். பிரதிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். அப்படியும் சில பிரதிகள் தப்பி இன்றுவரை இருக்கின்றன.

இப்போது இணையத்துக்கு வருவோம். பிழையைப் பார்த்த நிமிடமே திருத்தலாம். புரூஃப் பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன வேண்டும்? 1768இல் தொடங்கிய பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 32 தொகுதிகளாக வந்த 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை நிறுத்திக்கொண்டது. அந்த 32 தொகுதிகளில் ஒரு வரியை மாற்ற அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். 2001இல் பிறந்த விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் உடனே மாற்றலாம். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த வேகம் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் மேற்பகுதியிலும் ‘வரலாறு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதுதான். அதை அழுத்தினால் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்று முழுதும் தெரியும். நூலகத்தில் நான் பார்த்த பென்சில் கோடு இங்கே பல கோடித் தடவை பத்திரமாக இருக்கிறது.

எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2005இல் ஒரு மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையில் அவருக்குப் பங்கு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டார் என்ற அப்பட்டமான பொய் நான்கு மாதத்துக்கு மேல் விக்கிப்பீடியாவில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், யாரோ ஒருவர் அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, விற்றவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பதால், வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்து அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. சரி. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அவற்றில் ஒரு நூலில் குறிப்பு எழுதிக்கொண்டே வந்த ஒரு மாணவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவருடைய குறிப்புகள் மிஞ்சின, அவை எந்த வரியைப் பற்றியவை என்று காட்ட நூல்தான் இல்லை. அந்த 1631ஆம் ஆண்டு பைபிளை ஓர் அரசாலேயே முழுசாகத் திரும்பப் பெற முடியவில்லை. இங்கே ஒரு கட்டளையில் முடிந்துவிட்டது. தடம் இல்லாமல் மாற்ற முடிகிற எழுத்தைக் கண்டு நான் பயப்படுகிறேன், இதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வுக் கட்டுரைகளுக்காக பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) தளம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆசிரியர் கட்டுரையைத் திருத்தினால் அது இரண்டாம் வடிவம் என்று வரும். பிழையோடு இருந்த முதல் வடிவமும் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்து கல்வி. வகுப்பில் பிழை திருத்தும் கருவி ஆசிரியரின் கண். ஒரு பிள்ளையின் புருவம் சுருங்கினாலே புரியவில்லை என்று தெரிந்துவிடும். காணொளியில் பாடம் நடத்துகிறவருக்கு அந்தப் புருவம் தெரியாது. இது பெரிய இழப்புதான். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ இங் இயந்திரக் கற்றல் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது, சுமார் 1,00,000 பேர் சேர்ந்தார்கள். ஒரு பயிற்சியில் ஏறக்குறைய 2,000 பேர் ஒரே தவறான விடையைக் கொடுத்திருந்தார்கள். நூறு பேர் வகுப்பில் இது இரண்டு பேரின் தவறு. எந்த ஆசிரியரும் இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பார். இரண்டாயிரம் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், அங்கே ஏதோ கல் கிடக்கிறது என்று பொருள். அவரும் உதவியாளர்களும் தாள்களைப் பிரித்துப் பார்த்தார்கள், எங்கே தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் அதே விடையை யார் கொடுத்தாலும், அந்தத் தவறுக்கென்றே எழுதிய விளக்கம் அவர் திரையில் வரும்படி செய்தார்கள். இந்த ஒரு செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பிழை செய்த ஒவ்வொருவரின் கைக்கும் அவருக்கு உரிய சீட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது!

இணைய ஊடகத்தில்தான் இது நடப்பதே இல்லை. 2018இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று வந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியிருந்தார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியது நம்மைப் போன்ற மனிதர்கள். நாளிதழ் காலத்தில் மறுநாள் ஒரு மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று வரும். சின்ன எழுத்துதான், ஆனாலும் அதே வாசகரின் வீட்டுக்கு வரும். பகிரப்பட்ட செய்திக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் 2019இல் உலகம் முழுவதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பல தடவை கைமாறி வந்ததை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று 2020இல் இன்னும் இறுக்கியது. வேகம் குறையும். ஆனால் திருத்தம் போக வழி பிறக்காது.

போன வருடம் எனக்கே இது நடந்தது. ஒரு தேர்வின் தேதி மாறிவிட்டதாக வந்த அறிவிப்பை நம்பி, உறவினர் குழுவில் போட்டேன். மாலையில்தான் கவனித்தேன், அது முந்தின வருடத்து அறிவிப்பு. வருடம் இருந்த மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. பதறிப்போய் அழித்துவிட்டேன். சிறிது நேரத்தில் அண்ணன் மகள் கூப்பிட்டாள். “சித்தப்பா, நீங்க அழிச்சதைப் பார்த்தேன். ஏன் அழிச்சீங்கன்னு தெரியல. நான் அதை அப்பவே என் வகுப்புக் குழுவுக்கு அனுப்பிட்டேனே.”

ஆக, நான் திருத்தவில்லை. என் தடத்தை மட்டும் துடைத்திருக்கிறேன். இருவரும் சேர்ந்து நான்கு வரி எழுதினோம். காலையில் அனுப்பிய அறிவிப்பு பழையது, வருடம் வெட்டப்பட்டிருக்கிறது, தேதி மாறவில்லை, யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்று. நான் என் குழுவில் போட்டேன், அவள் தன் குழுவில் போட்டாள். இரவு பதினொரு மணிக்கு அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி பதில் எழுதினாள்: “நான் அதை இன்னும் ரெண்டு குழுவுல போட்டிருந்தேன். இதையும் போட்டுட்டேன்.” அண்ணன் மகள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அதன் பிறகுதான் நான் படுக்கப் போனேன்.

நன்றி, வணக்கம்.