எந்தக் கியர் விழுகிறது, எது விழவில்லை: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கோளாறு கண்டறிதல்

(திரையில்: லிஃப்ட்டில் ஏற்றிய ஒரு பிக்கப் வண்டியின் அடிப்பகுதி)

வணக்கம். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் சரியாக மாறவில்லை என்று பணிமனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தாங்கள் உணர்ந்ததைத்தான் சொல்வார்கள்: வண்டி இடிக்கிறது, பிக்கப் இல்லை, இன்ஜின் மட்டும் சத்தம் போடுகிறது, வண்டி நகரவில்லை. இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இவற்றைவிட அதிகம் பயன்தரும் கேள்வி ஒன்று இருக்கிறது: ரிவர்ஸையும் சேர்த்து, எந்தெந்தக் கியர்கள் வேலை செய்கின்றன, எவை செய்யவில்லை? இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் ஒழுங்காக விடை எழுதிவிட்டால், கியர்பாக்ஸை இறக்காமலேயே கோளாறு மின்சாரத்திலா, எண்ணெய் அழுத்தத்திலா, உள்ளே இருக்கும் இரும்பிலா என்று பெருமளவு சொல்லிவிடலாம்.

எடுத்துக்காட்டாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 4எல்60-இ கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1993 முதல் வந்த இந்த நான்கு கியர் பெட்டி செவ்ரோலெ சில்வராடோ, டாஹோ, கமாரோ எனப் பல வண்டிகளில் இருந்தது. இந்தியச் சாலைகளில் இதைக் காண்பது அரிது. வளைகுடா நாடுகளின் பணிமனைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கட்டமைப்பு எளிமையானது, கோளாறுகளும் ஒவ்வொன்றும் தனித்தனி அடையாளத்தோடு வருபவை என்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி கிடைப்பது கடினம்.

முதலில் எண்ணெய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க் நிலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கரிய நிறமும் தீய்ந்த வாடையும் இருந்தால், பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தால் இறுகிக் கியர்களை இயக்கும் கிளட்ச்களில் ஏதோ ஒன்று எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் ரேடியேட்டரின் கூலன்ட் உள்ளே கலந்திருக்கிறது. அப்போது மற்ற சோதனைகளைத் தொடர்வதில் பயனில்லை, ஏனெனில் கூலன்ட் பட்ட கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும்.

(திரையில்: ஸ்கேனரில் இன்ஜின் சுழற்சியும் வெளித்தண்டின் சுழற்சியும்)

அடுத்து, எந்தக் கியரில் வண்டி ஓடுகிறது என்பதை எப்படி அறிவது? காதால் எண்ணுவதை நான் நம்புவதில்லை. முதல் கியரிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவும் வண்டியையும் முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவும் வண்டியையும் ஓட்டுநர் ஒன்றுபோலவே உணர்வார். கணக்கு பொய் சொல்லாது. பெட்டியிலிருந்து சக்கரங்களை நோக்கிச் செல்லும் வெளித்தண்டு ஒரு சுற்று சுழல, பெட்டிக்குள் நுழையும் தண்டு எத்தனை சுற்று சுழல வேண்டும் என்பதே கியர் விகிதம். இந்தப் பெட்டியின் நான்கு கியர்களின் விகிதங்கள் முறையே 3.06, 1.63, 1.00, 0.70. வெளித்தண்டு நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும்போது, இன்ஜினையும் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகியிருந்தால் (அதாவது அதனுள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் நழுவாமல் பிணைத்திருந்தால்), மூன்றாம் கியரில் இன்ஜினும் 2000 காட்டும். நான்காம் கியரில் 1400 காட்டும். இரண்டாம் கியரில் கன்வர்ட்டர் பொதுவாக லாக் ஆகாது என்பதால் 3260-ஐவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். வண்டியின் கணினியிலுள்ள அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் இந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஐயத்துக்கு இடமிருக்காது.

இப்போது மின்சாரம். இந்தப் பெட்டியில் கியர் மாற்றத்துக்கு ஏ, பி என இரண்டு சொலினாய்டுகள், அதாவது மின்சாரத்தால் இயங்கி எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வுகள், உள்ளன. இரண்டுக்கும் மின்சாரம் இருந்தால் முதல் கியர். ஏ அணைந்து பி மட்டும் இயங்கினால் இரண்டாவது. இரண்டும் அணைந்தால் மூன்றாவது. ஏ மட்டும் இயங்கினால் நான்காவது. இந்த ஒரு வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டி நின்ற நிலையிலிருந்தே மூன்றாம் கியரில் மந்தமாகக் கிளம்பி, அதிலேயே ஓடி, ரிவர்ஸ் மட்டும் சரியாக விழுகிறது என்றால், இரண்டு சொலினாய்டுகளுக்கும் மின்சாரம் போகவில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டும் மின்சாரமின்றி இருந்தால் எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும்; எனவே டிரைவ் போட்டவுடன் பலமான இடியும் சேர்ந்து வரும். பெரிய செலவுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு வந்தவரின் வண்டியில், ஃபியூஸ் ஒன்று போயிருப்பதோ பெட்டிக்குப் போகும் வயர் கனெக்டர் தளர்ந்திருப்பதோ காரணமாக இருக்கலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் கிடைத்தால், சொலினாய்டு ஏ இயங்காமல் நின்றுவிட்டது. முதலாவதும் நான்காவதும் மட்டும் கிடைத்தால், அதே ஏ அணையாமல் சிக்கிக்கொண்டது, அல்லது அது நகர்த்தும் வால்வு அழுக்கில் மாட்டிக்கொண்டது. இந்த இரண்டு நிலைகளிலும் ரிவர்ஸ் பாதிக்கப்படாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: பெட்டியின் குறுக்குவெட்டு, உடைந்த சன்-ஷெல்)

சொலினாய்டுகளின் எந்தச் சேர்க்கையிலும் வராத வரிசைகள் சில உண்டு. அவற்றைக் கண்டால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன, இரண்டாவதும் நான்காவதும் இல்லை என்று வையுங்கள். இரண்டாம், நான்காம் கியர்களுக்குப் பொதுவானது 2-4 பேண்ட் என்னும் பட்டை. அது ஒரு டிரம்மை இறுக்கிப் பிடிக்க, அந்தப் பிடிப்பு சன்-ஷெல் என்னும் மணி வடிவ உலோகத்தின் வழியாகச் சன் கியரைச் சென்று சேரும். பேண்ட் தேய்ந்தாலும் இந்த இரண்டு கியர்களும் போகும். சன்-ஷெல் உடைந்தாலும் போகும். முன்னோக்கி எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் பேண்டுக்கு வேலையில்லை, ஆனால் சன்-ஷெல்லுக்கு வேலை உண்டு. ரிவர்ஸும் இல்லையென்றால் சன்-ஷெல் உடைந்துவிட்டது; ரிவர்ஸ் நன்றாக இருந்தால் பேண்டையும், எண்ணெய் அழுத்தத்தால் அதை இறுக்கும் பிஸ்டனான சர்வோவையும் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் சன்-ஷெல் உடைவது மிகவும் பரவலாக அறியப்பட்ட கோளாறு.

மறுபுறம், முதலும் இரண்டாவதும் ரிவர்ஸும் சரியாக இருந்து, மூன்றாவதுக்கு மாறும் நேரத்தில் இன்ஜின் சுழற்சி மட்டும் எகிறினால், மூன்றாம், நான்காம் கியர்களுக்குப் பொதுவான 3-4 கிளட்ச் எரிந்திருக்கிறது. எண்ணெய் கருத்திருப்பதும் இதனோடு சேர்ந்தே வரும். இதற்குச் சொலினாய்டு மாற்றிப் பார்ப்பது காசைத் தண்ணீரில் போடுவது.

எல்லாக் கியர்களும் இருக்கின்றன, ஆனால் மாற்றம் இடியாக விழுகிறது என்னும் புகார் சற்றுச் சிக்கலானது. ஸ்கேனரில் பி1870 என்னும் கோளாறுக் குறியீடு இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்சைக் கட்டுப்படுத்தும் வால்வு, வால்வுகள் பொருந்தியிருக்கும் வால்வ் பாடியின் அலுமினியத் துளையை உராய்ந்து அகலமாக்கிவிட, எண்ணெய் கசிந்து கிளட்ச் நழுவுகிறது. நழுவலைக் கண்ட கணினி, பெட்டியைக் காப்பாற்றுவதற்காக அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறது. நாம் உணரும் இடி கணினியின் தற்காப்பு. இடியை நிறுத்த வேண்டும் என்று அழுத்தச் சொலினாய்டை மாற்றுபவர்கள் இங்கேதான் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள்.

கியர்பாக்ஸே குற்றவாளி என்று முடிவு செய்யும் முன் இன்னொரு சோதனை. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்திருக்கும்போது வண்டி படபடவென நடுங்கினால், அதே மிதிப்பில் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். அத்தொடுதல் லாக்-அப்பை விடுவித்துவிடும். நடுக்கம் உடனே நின்றால் லாக்-அப் கிளட்சைச் சந்தேகியுங்கள். நிற்காமல், மேடேறும்போது இன்னும் அதிகமானால், ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். பின்னால் வண்டிகள் இல்லாத நேரான சாலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

(திரையில்: கழற்றிய எண்ணெய்த் தட்டும் அதிலுள்ள காந்தமும்)

இவ்வளவுக்கும் பிறகு எண்ணெய்த் தட்டைக் கழற்றினால், தாளில் எழுதியதை அது உறுதி செய்ய வேண்டும். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. எஃகுத் துண்டுகள் கிடந்தால் உடைந்த பாகம் ஒன்று உள்ளே இருக்கிறது. கரிய துகள்கள் படிந்திருந்தால் கிளட்ச் தட்டுகள் கரைந்திருக்கின்றன. பெட்டியைப் பிரித்துச் சரிசெய்தாலும், இதே துகள்கள் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவி, எண்ணெய் தடையின்றித் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே புதிதாகக் கட்டிய பெட்டியை வண்டியில் இணைக்க வேண்டும்.