பூட்டி வைக்க வேண்டியது யாரை?

(கல்முனையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

ராத்தாமாருக்கும் அக்காமாருக்கும், கதவோரம் நிற்கிற தம்பிமாருக்கும் ஸலாம், வணக்கம்.

விஞ்ஞானக் கதை என்றால் வெள்ளைக்காரர் ராக்கெட் விடுகிற கதை என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. ஆனால் 1905இல், மதராஸில் வெளிவந்த ஒரு பெண்கள் பத்திரிகையில், வங்காளத்து முஸ்லிம் பெண்ணான ரொகேயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார்.

சுல்தானா கனவில் காணும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள்ளே, பெண்கள் வெளியிலே. சமைப்பது சூரிய வெப்பத்தில். தண்ணீர் மேகத்திலிருந்தே இறங்கும். வந்து சேர்ந்த சுல்தானா தெருவில் கூசிக் கூசி நடக்கிறாள். பார்த்த பெண்கள், 'சரியான ஆம்பிளைக் குணம்' என்று சிரிக்கிறார்கள்! சாரா என்ற பெண் தன் ஆய்வுகூட வேலையை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கிறாள். எங்கள் ஊர் நீதவான்மார் ஏழு மணித்தியாலம் உழைக்கிறார்களே என்கிறாள் சுல்தானா. ஒரு சுருட்டு எரிய அரை மணித்தியாலம், நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு என்று சாரா கணக்குக் காட்டுகிறாள். ரொகேயாவின் கணவரே ஒரு துணை நீதவான்தான். நின்றபடியே முழுக்கதையையும் வாசித்துவிட்டு, 'பயங்கரமான பழிவாங்கல்' என்றாராம். நல்ல மனிதர்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. வெளியே போனால் பெண்ணுக்கு ஆபத்து என்கிறாள் சுல்தானா. பைத்தியங்கள் தப்பி ஓடி வந்தால் பிடித்து அடைப்பது அவர்களையா, புத்தி சரியாக உள்ளவர்களையா என்று சாரா திருப்பிக் கேட்கிறாள்.

நம் பக்கத்தில், மட்டக்களப்பிலும் சரி அக்கரைப்பற்றிலும் சரி, குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் மகளுக்கே. வெளியூர்க்காரர் கேட்டு வியக்கிறார்கள், நாமும் பெருமைப்படுகிறோம். சரி, அந்த வீட்டுக்காரி இரவு எட்டு மணிக்குத் தனியாகச் சந்திக்குப் போய்வர முடியுமா? ரொகேயா கேட்டது வீட்டு உறுதிப்பத்திரத்தை அல்ல, தெருவை.

இப்படிக் கண்ணில் படாமல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண்களை இனப்பெருக்கத்துக்கு மட்டும் அடைத்து வைக்கும் நாஜி உலகை, உலகப்போர் தொடங்குமுன்பே 1937இல் எழுதிய கேதரின் பர்டெகின், ஆண் பெயருக்குப் பின்னால் இருந்தார். அது யாரென்று ஊருக்குத் தெரிந்தது 1980களில்தான். 'ஜேம்ஸ் டிப்ட்ரீ' என்ற பெயரில் வந்த விஞ்ஞானக் கதைகளில் அசல் ஆண்மை தெரிகிறது என்று 1975இல் ஒரு பிரபல எழுத்தாளர் எழுதினார். கொஞ்ச காலத்திலேயே டிப்ட்ரீ, அலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்று வெளிவந்தது.

ரொகேயாவோ தன் பெயரிலேயே எழுதினார், அதுவும் கடலுக்கு அந்தப்பக்கம் மதராஸ் பத்திரிகையில். கதை சில பக்கம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது அந்தப் பைத்தியக்காரர் பகுதியை வாசிக்கிறேன். சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.