யூ துணையில்லாத கியூ

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். ‘கியூ எழுதினால் பக்கத்திலேயே யூ எழுது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். குயீன், குயிக், கொஸ்டின் என்று எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால், யூ இல்லாமல் கியூ தனியாக நிற்கும் சொற்கள் வரிசையாகக் கிடைக்கும். பிள்ளைகள் கேட்டால் ‘அதெல்லாம் விதிவிலக்கு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படி ஒதுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். அந்தச் சொற்களில்தான் கியூ தனக்கென்று பிறந்த வேலையைச் செய்கிறது.

இந்த எழுத்தின் பூர்வீகம் பழங்காலத்தில் மத்தியதரைக் கடலோரம் வாழ்ந்த பினீசியருடையது. அங்கே அதன் பெயர் கோஃப். சாதாரண ககரத்தைவிட ஆழத்தில், உள்நாக்குப் பக்கம் பிறக்கும் ஒலிக்கு வைத்த எழுத்து. கிரேக்கரிடம் அந்த ஒலி இல்லை. கோப்பா என்று பெயர் வைத்துக் கொஞ்ச காலம் எழுதினார்கள், அப்புறம் 90 என்ற எண்ணைக் குறிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களிடம் ஒரே ககர ஒலிக்கு மூன்று எழுத்துகள் சேர்ந்துவிட்டன. அகரத்துக்கு முன்னால் கே, எகர இகரத்துக்கு முன்னால் சி, உகரத்துக்கு முன்னால் கியூ என்று பிரித்துக்கொண்டார்கள். லத்தீன் அந்தப் பழக்கத்தை வாங்கிக்கொண்டது. கியூவும் யூவும் ஜோடி சேர்ந்தது அங்கேதான்.

ஆங்கிலத்துக்கோ இந்த ஜோடி பிறகு வந்து சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் குயீன் என்ற சொல்லை சி, டபிள்யூ என்று தொடங்கித்தான் எழுதினார்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் வழிவந்த எழுத்தர்கள் பிரெஞ்சுப் பழக்கத்தைக் கொண்டுவர, சி டபிள்யூ இருந்த இடத்தில் கியூ யூ உட்கார்ந்தது. நாம் பெரிய இலக்கணம்போலக் கற்பிப்பது எழுத்தர்களின் ஒரு கைப்பழக்கத்தைத்தான்.

சரி, யூ இல்லாத சொற்களுக்கு வருவோம். அதிகமானவை அரபியிலிருந்து வந்தவை. புர்கா, தலாக், வக்ஃப், கவ்வாலி எல்லாம் நாம் செய்தித்தாளில் அன்றாடம் படிக்கிற சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றைக் கியூ போட்டு எழுதுகிறார்கள். ஃபகீர் என்பதும் அப்படித்தான், அவரைத்தான் நாம் பக்கிரி என்கிறோம். இதற்கு ஏன் கே போதவில்லை? அரபியில் காஃப் என்று நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று நம் ககரம்போல. மற்றது உள்நாக்கில் அடிநாக்கு முட்டிப் பிறப்பது. ஆழமான ஒலியில் ‘கல்ப்’ என்றால் இதயம், சாதாரணக் ககரத்தில் ‘கல்ப்’ என்றால் நாய். இரண்டையும் கே போட்டு எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்! ஆழமான ஒலிக்குக் கியூவைக் கொடுத்தார்கள். பினீசியர் அந்த எழுத்தை வைத்திருந்ததும் அந்த வகை ஒலிக்குத்தான்.

இந்தச் சொற்களின் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது கனாத். ஈரானில் மலையடிவார நிலத்தடி நீரை ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய் அது. முதலில் ஊற்று இருக்கும் இடத்தில் தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரை மிகச் சிறிய சரிவில் மண்ணுக்குள்ளேயே கால்வாய். மண்ணை வெளியே எடுக்கவும் ஆள் இறங்கவும் காற்று போகவும் வழிநெடுகக் குழிகள். மோட்டார் இல்லை, ஏற்றமும் இல்லை, சரிவிலேயே தண்ணீர் தானாக வந்துவிடும். கொனாபாத் என்ற ஊரில் உள்ள கனாதின் நீளம் 33 கிலோமீட்டர், தாய்க்கிணற்றின் ஆழம் 300 மீட்டருக்கும் மேல். 2016இல் யுனெஸ்கோ ஈரானின் 11 கனாத்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஐந்து எழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. இதைப் போய் விதிவிலக்கு என்று சொல்லி எப்படிக் கடந்துபோவது?

சீனத்தின் கதை வேறு. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் கியூவுக்குச் சகரம் போன்ற ஒலியைக் கொடுத்தார்கள். உயிர்ச்சக்தியைக் குறிக்கும் ‘ச்சி’ என்ற சொல் கியூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் ஆங்கில அகராதிக்குள் வந்தது. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 100 கட்டைகளில் கியூ ஒன்றுதான், மதிப்பு 10. யூ நான்குதான், ஐ ஒன்பது. யூ கிடைக்காமல் கியூவைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவருக்கு இந்தச் சொல் உயிர் கொடுக்கும். எழுத்தை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் கியூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இதே சொல் அமைந்தால் 31ம் 31ம் சேர்ந்து 62. வட அமெரிக்கப் போட்டிகளுக்கான சொற்பட்டியலில் 2006இல்தான் இதைச் சேர்த்தார்கள்.

கியூவுக்குப் பின் யூ வராத குவான்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனத்தின் பெயர் போன்றவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது குயின்ஸ்லாந்தில் தொடங்கும் ஒரு நீளமான பெயரின் சுருக்கம், அவ்வளவுதான்.

கடைசியாகத் தென்னாப்பிரிக்கா. ஜூலு, கோசா மொழிகளில் நாக்கால் சொடுக்கும் மெய்யொலிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழிகளை ரோமன் எழுத்தில் எழுத வந்த மிஷனரிகளுக்கு சி, கியூ, எக்ஸ் மூன்றும் வேலையில்லாமல் மிச்சம் இருந்தன. மூன்றையும் மூன்று சொடுக்குகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாக்கின் முன்பகுதியை மேலண்ணத்தில் அழுத்தி ஒட்டிவைத்து, சட்டென்று கீழே இழுத்துப் பாருங்கள். ‘டொக்’ என்று கேட்கிறதல்லவா, அதுதான் அவர்களுடைய கியூ. நெல்சன் மண்டேலா சிறுவயதில் வளர்ந்த ஊரும், 2013இல் அவரை அடக்கம் செய்த ஊரும் குனு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் கியூவுக்குப் பக்கத்திலேயே யூ நிற்கும். ஆனால் அங்கே கியூ ஒரு சொடுக்கு, யூ தனி உயிரெழுத்து. மண்டேலாவின் தாய்மொழியான கோசாவின் பெயர் எக்ஸில் தொடங்குகிறது. அதுவும் ஒரு சொடுக்குதான், ஆனால் அதை நாக்கின் ஓரத்தால் சொடுக்க வேண்டும்.